ஈர விறகும் செப்பு பாய்லரும்

திருவல்லிக்கேணியில் இருந்த என் தாத்தா வீட்டை 2023ஆம் ஆண்டு இடித்துக் கட்டுவதென்று மாமா முடிவு செய்தபோது, பரணில் கிடந்த பாத்திரங்களில் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். நான் எடுத்துவந்தது ஒன்றுதான்: ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும் செப்பு வெந்நீர் பாய்லர். டீக்கடையில் நிற்கும் பாய்லரைப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உருளையான செப்புப் பாத்திரம், அதன் நடுவே அடியிலிருந்து தலைவரை செல்லும் 4 அங்குலக் குழல், குழலைச் சுற்றித் தண்ணீர், பக்கவாட்டில் பித்தளைக் குழாய். டீக்கடை பாய்லரில் குழலுக்குள்ளேயே கரி கிடந்து கனலும். எங்களுடையதில் பாத்திரத்துக்குக் கீழே ஒரு சாண் உயரத்துக்கு இரும்பு அடுப்பறை இருக்கிறது. அதன் வாய் வழியே விறகைச் செருகினால், தீ பாத்திரத்தின் அடியைத் தொட்டு, குழல் வழியே மேலேறி, போகிற வழியெல்லாம் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுப் போகும்.

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் அது சில மாதங்கள் சும்மா கிடந்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. 84 வயதான என் அம்மாவுக்குக் குளிர்ந்த நீர் ஆகாது. கீசர் இயங்கவில்லை, சமையல் எரிவாயுவை மிச்சப்படுத்த வேண்டியிருந்ததால் ஒரு சிறிய தவலை அளவுக்கு மட்டுமே வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அம்மா, “அந்த பாய்லரைச் சரி பண்ணக் கூடாதாடி? நாலு சுள்ளியில வெந்நீர் வந்துடும்” என்றார். புயலில் முறிந்த கிளைகள் தெருவெங்கும் கிடக்க, நாங்கள் வெந்நீர் இல்லாமல் இருந்தது எனக்கும் உறுத்தியது. வேலையைத் தொடங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 25 லிட்டர் தண்ணீரை 32 டிகிரி உயர்த்த 800 கிலோகலோரி வெப்பம் போதும். மின்சாரத்தில் அது ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே சென்னையில் விறகு பாய்லர் வைப்பது பணத்தை மிச்சப்படுத்தும் வழி அன்று. மின்சாரம் இல்லாத நாளில் கைகொடுக்கும் ஏற்பாடு என்பதும், அம்மாவின் ஆசை என்பதும்தான் என் காரணங்கள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவள் என்பதால், செய்வதை அளந்து செய்ய வேண்டும் என்ற விருப்பமும் சேர்ந்துகொண்டது.

விறகு பாய்லர் எனக்கு முற்றிலும் புதியது அல்ல. என் தம்பி சுவீடனில் இருக்கிறான். 2019 சனவரியில் அவன் வீட்டில் ஐந்து வாரம் தங்கியிருந்தேன். வெளியே உறைநிலைக்குப் பல டிகிரி கீழே இருந்த அந்த நாட்களில் வீடு முழுவதையும் சூடாக வைத்திருந்தது நிலவறையில் இருந்த விறகு பாய்லர்தான். அவன் நாள் முழுவதும் விறகு போட்டுக்கொண்டிருப்பான் என்று நான் எண்ணியிருந்தேன். அவனோ மாலையில் ஒரே ஒரு முறை அடுப்பறையை நிரப்பி, காற்றை முழுவதும் திறந்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் தீயை அதன் முழு வேகத்தில் எரியவிட்டான். அந்த வெப்பம் நன்கு உறையிட்ட 1,500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் போய்ச் சேரும். மறுநாள் மாலைவரை வீட்டின் சூட்டுப் பலகைகள் அந்தத் தொட்டியிலிருந்துதான் வெந்நீரை எடுத்துக்கொள்ளும். தீயை அடக்கி வைத்து மெல்ல எரித்தால் விறகு மிச்சமாகும் என்பது தவறு, அப்படி எரித்தால் விறகின் பாதி புகையாகவும் தார் போன்ற கீலாகவும் போய்விடும் என்று அவன் சொன்னான். வசந்தத்தில் பிளந்து கோடை முழுவதும் காயவைத்த பூர்ச்ச மர விறகை அவன் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தான். ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்றை விறகில் குத்திப் பார்த்து, நூற்றுக்கு இருபதுக்கு மேல் காட்டினால் அந்த விறகை ஒதுக்கிவிடுவான். இதையெல்லாம் நேரில் பார்த்த நான், என் மொட்டைமாடியில் பாய்லரை நிறுத்தியபோது அந்தப் பாடத்தை மறந்துவிட்டுப் பாத்திரத்தில் மட்டுமே குறை தேடினேன். வேலை இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டதற்கு அதுவே காரணம்.

பாத்திரத்தில் குறை இருந்தது உண்மைதான். தண்ணீர் ஊற்றியவுடன் குழலும் அடித்தகடும் சேரும் விளிம்பில் சொட்டத் தொடங்கியது. செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. புளியும் கல்லுப்பும் சேர்த்துத் தேய்த்ததில் வெளிப்புறம் ஒரே நாளில் துலங்கிவிட்டது. ஒழுக்கு மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் பிரியாணி தேக்சாக்களுக்கு ஈயம் பூசும் பட்டறைகள் இன்னும் உண்டு. அப்படி ஒரு பட்டறைக்கு ஆட்டோவில் எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் பாய்லரைத் தலைகீழாகக் கவிழ்த்து விளிம்பை விரலால் தடவினார். “அம்மா, இது தண்ணி இல்லாம எரிஞ்சிருக்கு. பாருங்க, ஈயம் உருகி ஓடி மணி மணியா நின்னிருக்கு” என்று காட்டினார். குறுமிளகு அளவில் வெள்ளை மணிகள் விளிம்பெங்கும் ஒட்டியிருந்தன.

அவர் சொன்னதன் பின்னணி எளிமையானது. ஆனால் இந்தப் பாத்திரத்தை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். தீயின் சூடோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கும். அப்படியிருந்தும் ஈயப் பற்று நிற்பதற்குக் காரணம், மறுபுறத்தில் தண்ணீர் இருக்கும்வரை செம்பின் சூடு 100 டிகிரியைச் சற்றே தாண்டுவதோடு நின்றுவிடுவதுதான். தண்ணீர் வற்றிய பிறகு ஐந்து நிமிடம் தீ எரிந்தாலும் போதும், பற்று இளகி மூட்டு திறந்துகொள்ளும். எங்கள் பாய்லரில் முன்பு யாரோ பழுது பார்த்தபோது அந்த மூட்டை வெறும் ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். பிறகு ஒருநாள் அது தண்ணீரில்லாமல் எரிந்திருக்கிறது.

“பாய், திரும்ப ஈயத்துலயே பத்த வைக்க வேணாம். பொடி வெச்சு ஊதிக் குடுங்க” என்று கேட்டேன். அவர் தம் உறவினரான பற்றவைக்கும் தொழிலாளி ஒருவரை வரவழைத்தார். பித்தளைப் பற்றாசுப் பொடியை வெண்காரத்தோடு குழைத்து மூட்டைச் சுற்றித் தடவி, ஊதுகுழல் தீயால் செம்பு செந்தணலாகும்வரை சூடேற்றினார்கள். வெண்காரம் முதலில் பொரிந்து, பின்பு கண்ணாடிபோல் உருகி, செம்பின் மேலிருந்த ஆக்சைடுப் படலத்தைக் கரைத்துக்கொண்டது. அதன் பின்னாலேயே பற்றாசு மூட்டின் இடுக்குக்குள் ஒரு கோடாக ஓடி மறைந்தது. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும், பித்தளைப் பற்றாசு அதற்கு 200 டிகிரி முன்னதாகவே உருகிவிடும். இடைப்பட்ட அந்தக் குறுகிய வெளியில்தான் அவர்கள் கண் அளவால் மட்டும் வேலை செய்தார்கள். நான் வகுப்பில் எத்தனையோ முறை உருகுநிலை அட்டவணையைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த எண்கள் ஒரு தொழிலாளியின் கண்ணில் நிறமாகக் குடியிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

உட்புறத்துக்கு ஈயம் பூச வெள்ளீயத்தை நானே வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பூசும் ஈயத்தில் காரீயம் கலந்திருந்தால் அது நஞ்சு. குளிக்கும் நீர்தானே என்று விட எனக்கு மனமில்லை; வீட்டில் குழந்தைகள் வாய் கொப்பளிக்கக்கூடும். கலப்பைக் கண்டறிய இரண்டு எளிய வழிகளைப் பின்பற்றினேன். தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் உள்ளே படிகங்களின் அடுக்கு சட்டென மாறுவதால் நொறுநொறுவென்று ஒலி கேட்கும், காரீயம் அப்படி ஒலிக்காது. காரீயத்தை வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். முதற்கடையில் கொடுத்த கட்டி தாளில் கோடு போட்டது. இரண்டாம் கடைக் கம்பி நன்றாக ஒலித்தது. பெரியவர் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவி, வெண்புகை எழும்போதே ஈயத்தைத் தொட்டுப் பஞ்சுத் துணியால் ஒரே வீச்சில் வழித்தெடுத்தார். உட்புறம் நிலவொளிபோல் ஆனது.

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பாய்லர் மொட்டைமாடிக்கு ஏறியது. எங்கள் பகுதியில் இருக்கும் விறகுத் தொட்டியில் 50 கிலோ சவுக்கு வாங்கினேன். சென்னைக்கும் சவுக்குக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை ரயில்வேயின் நீராவி எஞ்சின்களுக்கு எரிபொருள் வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருமளவில் வளர்க்கப்பட்டன. அடர்த்தியான மரம், நின்று எரியும், நல்ல கங்கு தரும். தொட்டிக்காரர், “பச்சையாவே எரியும்மா, இதுக்கு ஒண்ணும் காய வேணாம்” என்றார். பச்சையாகவும் அது பற்றிக்கொள்ளும் என்பது உண்மைதான். அந்தச் சொல்லை முழுவதும் நம்பியது என் பிழை.

முதற்சோதனையில் 25 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 70 நிமிடமும் 2 கிலோ 400 கிராம் விறகும் ஆயின. புகை கட்டுக்கடங்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி கொடியில் உலர்த்தியிருந்த புடவைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். அன்று மாலை அவரிடம் போய், சில நாட்களில் சரிசெய்துவிடுவதாகவும் அதுவரை காலை ஆறு மணிக்குள் எரித்து முடித்துவிடுவதாகவும் சொல்லிவந்தேன்.

பாத்திரத்தின் உட்சுவரில் ஈயம் பூசுவதற்கு முன்பே சுண்ணாம்புப் படிவைச் சுரண்டியிருந்தாலும், கைபுகாத இடங்களில் குழலின் வெளிப்புறத்தைச் சுற்றி இன்னும் 3 மில்லிமீட்டர் தடிப்புக்குப் படிவு இருந்தது. செம்போடு ஒப்பிட்டால் சுண்ணாம்புப் படிவு வெப்பத்தை மிக மிக மந்தமாகவே கடத்தும். குறை அங்கேதான் என்று முடிவு செய்து, எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து ஓரிரவு ஊறவிட்டேன். கழிவறை கழுவும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது ஈயப் பூச்சையும் பித்தளைக் குழாயையும் அரித்துவிடும். காலையில் படிவு முழுவதும் நுரைத்துக் கரைந்திருந்தது. மறுபடியும் சோதித்தேன்: 66 நிமிடம், 2 கிலோ 300 கிராம். நான்கு நிமிடம் குறைந்தது, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதில் பெரிய பங்கு தண்ணீர்ப் பக்கம் இல்லை, நெருப்புப் பக்கம் இருக்கிறது. குழலின் உள்ளே ஓடும் சூடான வாயு, செம்பை ஒட்டித் தேங்கி நிற்கும் வாயுப் படலத்தையும் அதன்மேல் படிந்த புகைக்கரியையும் தாண்டித்தான் தன் வெப்பத்தைக் கொடுக்க முடியும். அதற்கு முன்னால் சுண்ணாம்பின் தடை சிறியது. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பதால் படிவு மீண்டும் வரும். அதற்காக இப்போது குடிநீர் வாரியத் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ மட்டுமே பாய்லரில் ஊற்றுகிறேன்.

அடுத்து அடுப்பறைக்குக் குனிந்தேன். அங்கே கம்பிச் சல்லடை இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து துளையிட்ட தகடு ஒன்று கிடந்தது. சாம்பல் விழுந்து துளைகள் அரைமணி நேரத்தில் அடைத்துக்கொண்டன. தெருமுனையில் இரும்புக் கதவு செய்யும் வெல்டிங் கடையில் 8 மில்லிமீட்டர் கம்பிகளை 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வைத்து ஒரு சல்லடை செய்யச் சொன்னேன். சாம்பலுக்கும் அதற்கும் இடையே இரண்டரை அங்குலம் வெற்றிடம் இருக்குமாறு கால்களும் வைத்தேன். குழலின் தலையில் 3 அடி நீளத் தகரப் புகைபோக்கி பொருத்தினேன். புகைபோக்கி புகையை மேலே அனுப்புவதற்கு மட்டும் அன்று. உள்ளே இருக்கும் சூடான, இலேசான வாயு மேலெழும்போது அந்த இடத்தை நிரப்பக் கீழே சல்லடை வழியே புதுக்காற்று உறிஞ்சப்படுகிறது. உயரம் கூடினால் இழுப்பும் கூடும். இதைச் சோதிக்க 6 அடிக் குழாயும் வைத்துப் பார்த்தேன். தீ இரைச்சலோடு எரிந்தது, தண்ணீரோ முன்னைவிட மெதுவாகச் சூடாயிற்று. தீ நாக்கு குழலில் தங்காமல் நேரே வானத்துக்குப் போய்விட்டது. 3 அடிக்கே திரும்பி, புகைபோக்கியின் வாயில் திருகி மூடக்கூடிய ஒரு வட்டத் தகட்டையும் வைத்தேன். இந்த மாற்றங்களுக்குப் பிறகு 50 நிமிடம், 1 கிலோ 900 கிராம். முன்னேற்றம்தான், எனினும் புகை நிற்கவில்லை. எரிந்துகொண்டிருந்த விறகின் நுனிகளில் நீர் கொதித்துச் சீறிக்கொண்டிருப்பதை அப்போதுதான் நின்று கவனித்தேன்.

அன்றிரவு தம்பியை அழைத்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அக்கா, விறகுல எவ்வளவு ஈரம்னு பாத்தியா?” என்று அவன் கேட்ட ஒரே கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது.

அளக்கக் கருவி தேவைப்படவில்லை. ஒரு கட்டையின் நடுவிலிருந்து சரியாக 100 கிராம் துண்டு ஒன்றை வெட்டியெடுத்து, சிறு சிராய்களாக்கி, கேக் சுடும் அடுப்பில் 105 டிகிரியில் வைத்தேன். ஒரு மணிக்கு ஒருமுறை எடை பார்த்தேன். எடை குறைவது நின்றபோது 58 கிராம் இருந்தது. அதாவது நான் காசு கொடுத்து வாங்கிய விறகில் நூற்றுக்கு 42 பங்கு தண்ணீர். ஒரு கிலோ விறகை அடுப்பில் வைக்கும்போது ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்துத் தீயில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈர விறகின் தீங்கு எங்கே இருக்கிறது என்பதில் நானே தவறாக எண்ணியிருந்தேன். அந்த 420 கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 250 கிலோகலோரி செலவாகும். ஒரு கிலோ ஈர விறகு தரக்கூடிய 2,200 கிலோகலோரிக்கு அருகில் வைத்தால் அது பேரிழப்பு அல்ல. பெரிய இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. விறகு கட்டையாகவே எரிவதில்லை. சூடேறும்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாக வெளியேறி, அந்த வாயுதான் சுடராக எரிகிறது, மிஞ்சுவது கரி. அந்த வாயு முழுவதும் எரிய அடுப்பறை நல்ல சூட்டில் இருக்க வேண்டும். ஈரம் அடுப்பறையைக் குளிரவைத்துவிட்டால் வாயு பற்றாமலேயே மேலே போகிறது. நாம் புகை என்று சொல்வது பெரும்பாலும் எரியாமல் தப்பிப் போகும் விறகுதான். அது தண்ணீரால் குளிர்ந்திருக்கும் செப்புக் குழலில் பட்டு, கறுப்புக் கீலாகப் படிகிறது. அந்தக் கீல் அடுத்த நாள் வெப்பம் செம்பைச் சேராமல் தடுக்கிறது. என் குழலின் உட்புறம் முழுவதும் பளபளக்கும் கறுப்பாக இருந்ததன் பொருள் எனக்கு அப்போது புரிந்தது. தம்பி வீட்டு பாய்லரில் திரும்பிவரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் குறையாமல் கலந்து அனுப்பும் ஒரு வால்வு இருப்பதும் இதற்காகத்தான்; அடுப்பறைச் சுவர் குளிர்ந்தால் புகையிலுள்ள நீரும் கீலும் அங்கே படிந்து இரும்பை அரித்துவிடும்.

மார்ச் முதல் வாரத்தில் எஞ்சிய விறகு முழுவதையும் கட்டைவிரல் தடிப்புக்குப் பிளக்கச் செய்தேன். மரம் தண்ணீரை முனைகள் வழியாகவும் பிளந்த முகங்கள் வழியாகவும் வேகமாக விடும், பட்டை வழியாக விடாது. ஆகவே பிளக்காத உருளைக் கட்டை மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். மாடியின் தென்கிழக்கு மூலையில், மதியத்துக்குப் பின் கடற்காற்று தடையின்றி வரும் இடத்தில், இரண்டு வரிசை செங்கல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். மேலே மட்டும் ஒரு தகரம். பக்கங்களைத் தார்ப்பாயால் மூடவில்லை. பிளந்த துண்டுகளில் ஒரு கிலோ எடையுள்ள சிறு கட்டு ஒன்றைச் சணல் கயிற்றால் கட்டி, சுண்ணாம்புக் குறி இட்டு, ஞாயிறுதோறும் எடை பார்த்தேன். முதல் வாரத்திலேயே 110 கிராம் போயிற்று. பிறகு வேகம் குறைந்தது. மே நடுவில் 675 கிராமில் வந்து நின்றது. அதற்குப் பிறகு கத்திரி வெயிலிலும் நகரவில்லை. மறுபடி 100 கிராம் துண்டை அடுப்பில் வைத்துப் பார்த்தேன்: ஈரம் 14 பங்கு. கடலோரக் காற்றின் ஈரப்பதத்துக்கு மரம் அதற்கு அதிகம் கீழே இறங்காது, இறங்க வேண்டிய தேவையும் இல்லை.

மே 19ஆம் நாள் அதே பாய்லர், அதே சல்லடை, அதே மரத்தின் விறகு. தண்ணீர் கோடையில் 31 டிகிரியில் தொடங்கியதால் 63 வரை ஏற்றினேன். உயர்வு அதே 32 டிகிரி. 850 கிராம் விறகு, 31 நிமிடம். முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு புகைபோக்கியின் வாயில் கண்ணுக்குத் தெரிவது சூட்டால் நடுங்கும் காற்று மட்டும்தான். பக்கத்து வீட்டு மாமியை மாடிக்கு அழைத்துக் காட்டினேன். அவர் எரிகிறதா இல்லையா என்று அடுப்பு வாயைக் குனிந்து பார்த்தார். பாத்திரத்தில் நான் செய்த அத்தனை வேலையும் சேர்ந்து மிச்சப்படுத்தியது அரைக் கிலோ விறகு. பத்து வார வெயில் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சப்படுத்தியது.

அதன்பின் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். தம்பி வீட்டு பாய்லரின் குழல்களுக்குள் திருகலாக முறுக்கிய இரும்புப் பட்டைகள் தொங்கும். வாயு நேரே ஓடிவிடாமல் சுழன்று சுவரில் மோதிப் போவதற்காக அவற்றை வைத்திருக்கிறார்கள். அதேபோல் 3 அங்குல அகலத்தில் 16 அங்குல நீளத் தகட்டுப் பட்டை ஒன்றை ஒன்றரைச் சுற்று முறுக்கி, குழலின் தலையிலிருந்து ஒரு கொக்கியில் தொங்கவிட்டேன். வெப்பநிலை அளக்கும் கம்பி உள்ள மல்டிமீட்டர் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தேன். பட்டை இல்லாதபோது புகைபோக்கியின் அடியில் 410 டிகிரி. பட்டை தொங்கியபோது 290. அந்த வேறுபாடு தண்ணீருக்குள் போயிருக்கிறது. விறகு 720 கிராமாகக் குறைந்தது. விறகில் உள்ள வெப்பத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு இப்போது தண்ணீரைச் சேர்கிறது என்று கணக்கு காட்டுகிறது. தம்பியின் பாய்லரோடு இது போட்டி போடாது. முதல் நாளின் பதினைந்து பங்கோடு ஒப்பிட்டால் இரட்டிப்பு. ஆனால் வாரம் ஒருமுறை பட்டையைக் கழற்றித் தேங்காய் நாரால் துடைக்காவிட்டால் இந்தப் பயன் நிற்காது.

எரிப்பதில் நான் விடாமல் கடைப்பிடிப்பவை சில உண்டு. தண்ணீர் நிரப்பி, குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே தீக்குச்சியைக் கையில் எடுப்பேன். பாத்திரத்தின் மூடியில் உள்ள ஆவித்துளையை எதைக்கொண்டும் அடைப்பதில்லை. இது அழுத்தம் தாங்கச் செய்த பாத்திரம் அல்ல. பாய்லரை ஒருபோதும் குளியலறைக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ வைத்து எரிக்கக் கூடாது. கங்கு கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. புகை அடங்கிவிட்டது என்று கதவைச் சாத்தும் நேரத்தில்தான் அது ஆளைக் கொல்லும். சாயம் பூசிய பலகை, பிளைவுட் துண்டு, பிளாஸ்டிக் எதையும் போடுவதில்லை. தீ மூட்டக் கொட்டாங்குச்சி ஓட்டுத் துண்டுகளே போதும்.

தொட்டியில் வெப்பத்தைச் சேமிக்கும் முறையையும் எங்கள் அளவில் பின்பற்றுகிறோம். 60 டிகிரி வெந்நீரில் 28 டிகிரித் தண்ணீரைக் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 25 லிட்டர் 66 லிட்டராகப் பெருகும். வீட்டில் நான்கு பேர் குளிக்க அது போதும். பாய்லரைச் சுற்றிப் பழைய கம்பளி ஒன்றைக் கட்டி அதன்மேல் சணல் சாக்கைச் சுற்றியிருக்கிறேன். கம்பளிக்குத் தீப்பிடிக்காமலிருக்க அடுப்பறைக்கு ஒரு சாண் மேலேயே அதை நிறுத்திவிட்டேன். மார்கழிக் காலை ஐந்து மணிக்கு எரித்தால் எட்டு மணிக்கும் தண்ணீர் கைபொறுக்காத சூட்டில் இருக்கிறது.

மழைக்காலம் வேறொன்றைக் கற்றுத் தந்தது. மே மாதத்தில் 14 பங்காக இருந்த ஈரம், மாடியில் தகரத்தின் அடியிலேயே நனையாமல் இருந்தும், வடகிழக்குப் பருவமழை நடுவில் நவம்பரில் 17 பங்குக்கு ஏறியிருந்தது. காற்றிலிருந்தே மரம் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. சரியாக விறகு வேண்டிய மாதங்கள் சென்னையில் காற்று மிக ஈரமாக இருக்கும் மாதங்களாகவே அமைந்துவிடுகின்றன. அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே இரண்டு மாதத்துக்கு வேண்டிய விறகை மாடிப்படிக்கு அடியில், முன்பு பாய்லர் கிடந்த அதே இடத்துக்கு இறக்கிவிடுகிறேன். நாளைக்கு எரிக்க வேண்டிய கட்டை, இன்று எரியும் பாய்லரின் பக்கத்தில் கிடந்து வெதுவெதுப்பாகிறது.

மார்கழி முதல் நாள் அம்மா தாமே மாடிக்கு வந்து பார்க்க வேண்டும் என்றார். கையைப் பிடித்து மெல்ல ஏற்றி வந்தேன். குழாயைத் திறந்து விரல் நுனியை நீட்டி உடனே இழுத்துக்கொண்டார். “எங்க அம்மா இதுல நாலு பேருக்குத் தண்ணி வெளாவி வெப்பா” என்றார். எவ்வளவு விறகு போட்டாய் என்று கேட்டார். எடைத்தட்டில் வைத்திருந்த கட்டைக் காட்டினேன். “நாலு சுள்ளின்னு சொன்னேனோல்லியோ” என்றார்.

இந்த ஆண்டுக்கான விறகை மார்ச் இரண்டாம் தேதியே வாங்கிப் பிளந்து அடுக்கிவிட்டேன். இந்த முறை சவுக்கோடு, தெருவில் வெட்டிய வேப்பங்கிளைகளும் கொஞ்சம் இருக்கின்றன. வேம்பு சவுக்கைவிட மெதுவாகக் காய்வதுபோல் தோன்றுவதால் அதற்குத் தனியாக ஒரு குறிக்கட்டு வைத்திருக்கிறேன். முதல் ஞாயிறு எடை சவுக்கு 1,000 கிராம், வேம்பு 1,000 கிராம். இரண்டாம் ஞாயிறு சவுக்கு 885, வேம்பு 920.